மாமாவின் ஹாட் டிஸ்க்கில் 340 கடிதங்கள்

போன மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு புது லாப்டொப் வந்தது. அதோடு ஒரு பழைய சண்டையும் வந்தது. சாமித் தட்டுக்குக் கீழே பழைய சீலையால் மூடிக்கிடந்த மாமாவின் கொம்பியூட்டரை என்ன செய்வது?

மாமா 1999 தொடக்கம் 2012 வரை கொட்டாஞ்சேனையில், ஜெம்பட்டா வீதிப் பக்கம் ஒரு ஒழுங்கையில், சின்னதாக ஒரு கொமினிகேஷன் வைத்திருந்தவர். எங்கள் வயதுக்காரருக்கு அந்தச் சொல்லே மறந்துபோயிருக்கும். வெளிநாட்டுக்கு கோல் எடுக்க ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு போட்டோகொப்பி மெஷின், ஒரு கொம்பியூட்டர். அந்தக் கொம்பியூட்டரில் மாமா தமிழில் டைப் செட்டிங் செய்து கொடுப்பார். கலியாணக் கார்ட், சாமத்திய வீட்டு அழைப்பிதழ், 31ஆம் நாள் கல்வெட்டு, வேலை விண்ணப்பம், மனு. கடை மூடியபோது மெஷினை விற்றுவிட்டார். கொம்பியூட்டரை மட்டும் எங்களோடு வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்தார்.

"அழிச்சுப் போட்டு, பழைய இரும்பு எடுக்கிறவருக்குக் குடுங்கோ. அதுக்குள்ள ஒண்டும் இல்லை" என்பதுதான் மாமாவின் நிலைப்பாடு. ஒன்றும் இல்லாத பெட்டியை 13 வருடம் ஏன் சுமந்தீர்கள் என்று கேட்டேன். பதில் வரவில்லை. அந்த மௌனத்தை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டு, ஹாட் டிஸ்க்கைக் கழற்றினேன்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு மாதத்தில் நான் கற்றுக்கொண்டதைப் பற்றியது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய கொம்பியூட்டரிலிருந்து புதியதுக்குக் கோப்புகளை மாற்றுவதை நாங்கள் ஒரு கொப்பி-பேஸ்ட் வேலையாக நினைக்கிறோம். அது அப்படி இல்லை. எதைக் கொண்டுபோவது, எதை விடுவது, யாரைக் கேட்டு விடுவது என்ற கேள்வி அது. இந்த நாட்டில் எங்கட ஆக்கள் அந்தக் கேள்வியைப் பலமுறை ஒரு சொப்பிங் பையோடு சந்தித்திருக்கிறார்கள். நாங்கள் அதை ஒரு மவுஸோடு சந்திக்கிறோம். அவசரம் இல்லை என்பதால்தான் நாங்கள் கவனமில்லாமல் இருக்கிறோம்.

முதல் நாளே ஒரு விபத்து நடக்கப் பார்த்தது. பழைய டிஸ்க் ஐடிஈ வகை, அகலமான பட்டி வயர் போடுகிற ஆள். யூனிட்டி பிளாசாவில் ஒரு யூஎஸ்பி அடப்டர் வாங்கி லாப்டொப்பில் கொழுவினோம். டிஸ்க் கரகரவென்று சத்தம் போட்டு, கடைசியில் திறந்தது. தம்பி ஒரு கோப்பைத் திறந்தான். திரை நிறைய ஆங்கில எழுத்து, நடுவில் அரைப்புள்ளி, காற்புள்ளி, ஒரு சொல்லும் விளங்கவில்லை. "வைரஸ் பிடிச்சு எல்லாம் கறப்ட் ஆகிட்டுது. டிலீட் பண்ணுவமா?" என்று கேட்டான். ஏ லெவல் படிக்கிற பிள்ளை, கொம்பியூட்டர் நன்றாகவே தெரிந்தவன். அவனுக்கே அது குப்பையாகத்தான் தெரிந்தது.

நல்ல காலம், மாமா தண்ணீர் குடிக்க எழும்பி வந்தார். திரையைப் பார்த்துவிட்டு, எட்டி நின்றபடியே வாசித்தார்: "கனம் ஐயா அவர்கட்கு." அது பாமினி.

பாமினி என்பது ஒரு எழுத்துரு. அதில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். 'அம்மா' என்று அடிக்க எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தட்ட வேண்டும். அந்த எழுத்துரு கொம்பியூட்டரில் இருந்தால் 'அம்மா' என்று தெரியும். இல்லையென்றால் அந்த ஐந்து குறிகள் மட்டும்தான். கொம்பியூட்டரைப் பொறுத்தவரை அந்தக் கோப்பில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகள் தமிழ் முகமூடி போட்டு நிற்கின்றன, அவ்வளவுதான். அதனால் தேடவும் முடியாது. 'கொட்டாஞ்சேனை' என்று தேடினால், நூறு கடிதத்தில் அந்தச் சொல் இருந்தாலும் ஒன்றும் கிடைக்காது என்றுதான் பதில் வரும்.

யுனிகோடின் முதல் பதிப்பு வந்த 1991இலேயே தமிழுக்கு அதில் இடம் இருந்தது. இலங்கையில் தமிழ் எழுத்துக் குறியீட்டுக்கான எஸ்எல்எஸ் 1326 தரநியமம் 2008இல் வந்தது. ஆனாலும் எங்களில் பலர் பாமினியில் அடித்த வினாத்தாளில்தான் சோதனை எழுதி வந்திருக்கிறோம். ஒரு முழுத் தலைமுறையின் எழுத்து இப்படி முகமூடிக்குள்தான் கிடக்கிறது. அவர்களுடைய கொம்பியூட்டர்களைத் துப்புரவாக்கப் போகிறவர்கள் நாங்கள். பாமினியை ஒருநாளும் பார்க்காத நாங்கள். தம்பியின் விரல் டிலீட் பட்டனுக்கு மேலே நின்ற அந்த ஐந்து வினாடி, எத்தனை வீடுகளில் மாமா வராமலே முடிந்திருக்கும்?

இதனால் முதல் பாடம்: விளங்காத கோப்பை அழிக்காதீர்கள். பாமினி எழுத்துருவைப் போட்டுப் பாருங்கள், அல்லது ஒரு மாற்றியில் போட்டுப் பாருங்கள். 'பொங்குதமிழ்' போன்ற மாற்றிகள் இணையத்தில் பல வருடமாக இருக்கின்றன. என்எச்எம் கன்வர்ட்டரைக் கொம்பியூட்டரில் போட்டுக்கொண்டால் இணையமே தேவையில்லை. நாங்கள் அதைத்தான் பாவித்தோம். மற்றவர்களின் சொந்தக் கடிதங்களை ஏதோ ஒரு இணையப் பக்கத்தில் ஒட்ட எனக்கு மனம் வரவில்லை.

மாற்றி ஒன்றும் மந்திரம் இல்லை. பாமினியில் 'கொ' என்று அடிக்க முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அந்த ஒழுங்கில். யுனிகோடில் முதலில் க, அதற்குப் பிறகு ஒகரக் குறி. மாற்றி இந்த ஒழுங்கைத் திருத்திவிடும். ஆனால் கடிதத்தில் இடையில் உண்மையான ஆங்கிலம் இருந்தால் அதையும் தமிழ் என்று நினைத்து மாற்றிவிடும். 'கொழும்பு' என்று ஆங்கிலத்தில் அடித்த இடம் 'ஊழடழஅடிழ' என்று வந்தது. நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதற்குப் பிறகுதான் யோசித்தேன். ஒரு கடிதத்தில் ஆங்கிலத்தில் அடிக்கப்படுவது அனேகமாக விலாசமும் அடையாள அட்டை இலக்கத்தின் கடைசி எழுத்தும்தான். ஒருவரைக் கண்டுபிடிக்க உதவுகிற அதே இடங்கள். எனவே மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, மாற்றியதைப் பக்கத்தில் தனியாக வைக்க வேண்டும். 'கட்' செய்யக்கூடாது. 'கொப்பி'தான். இடையில் கரண்ட் போனால் கட் செய்த கோப்பு இரண்டு பக்கமும் இல்லாமல் போகலாம்.

இரண்டாவது சிக்கல் கல்வெட்டுகள். மாமா அவற்றையெல்லாம் பேஜ்மேக்கரில் செய்தவர். அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. பிறகு வந்த இன்டிசைன் சிஎஸ்6 வரை அந்தக் கோப்புகளைத் திறந்தது, அதற்குப் பிறகு வந்தவை திறப்பதில்லை. அதாவது, எங்கள் புது லாப்டொப் எவ்வளவு வேகமாக இருந்தாலும் அதனால் அந்தக் கோப்புகளை வாசிக்க முடியாது. சாமித் தட்டுக்குக் கீழே கிடக்கிற எக்ஸ்பி கொம்பியூட்டரால் மட்டும்தான் முடியும். டிஸ்க்கைத் திரும்பப் பூட்டி, ஒவ்வொன்றாகத் திறந்து, பிடிஎப் ஆக்கினோம். மொத்தம் 87. பழைய மெஷினை இரும்புக்குக் கொடுத்த பிறகு இந்த உண்மை தெரிந்திருந்தால் என்ன செய்திருப்போம்?

கல்வெட்டு என்றால் எங்களில் பலருக்குச் சிரிப்பு. ஒரு படம், நாலு புலம்பல் வெண்பா, நன்றி நவிலல். ஆனால் அதன் நடுப்பக்கத்தில் ஒரு வம்சாவளி இருக்கும். யாருக்கு யார் பிள்ளை, யார் யாரைக் கட்டி எந்த ஊருக்குப் போனது, எந்தப் பேரன் கனடாவில். மூன்று நாலு தலைமுறைக் கணக்கு ஒரு பக்கத்தில். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வந்த சனத்திடம் அது வேறு எங்கும் எழுதப்பட்டிருக்காது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இப்படியான நினைவு மலர்களையும் சேர்த்து எண்ணிமப்படுத்துகிறது என்பதை அறிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருக்கவில்லை. மாமா செய்த 87இல் எத்தனை அங்கே இருக்கின்றன என்று இன்னும் ஒப்பிட்டு முடிக்கவில்லை.

மூன்றாவதுதான் உண்மையான பிரச்சினை. கடிதங்கள்.

'லெட்டர் 1' தொடக்கம் 'லெட்டர் 340' வரை. ஒன்றுக்கும் பெயர் இல்லை. திகதியும் உதவவில்லை, ஏனென்றால் மதர்போர்டில் இருக்கிற சின்ன பற்றரி செத்துப்போனதால் பாதிக் கோப்புகள் ஒரே ஜனவரி 1ஆம் திகதியைத்தான் காட்டின. ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே எழுதிய திகதியைப் பார்த்துத்தான் அடுக்கினேன். சலிப்பில் மாமாவிடம் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன், ஆளின் பெயரைப் போட்டுச் சேவ் பண்ணியிருக்கலாமே என்று.

"பேர் போட்டா, ரவுண்டப்புக்கு வாறவன் பெட்டியத் திறந்த உடன பேரைத்தானே பிள்ளை பாப்பான்."

அதற்குப் பிறகு நான் ஒன்றும் கேட்கவில்லை.

2007 ஜூன் மாதத்துக் கடிதங்கள் ஏழெட்டு இருந்தன. அந்த மாதம் 7ஆம் திகதி, கொழும்பில் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரை பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் அதில் இருந்தன. அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. இதெல்லாம் நான் வாசித்துத் தெரிந்துகொண்டது. மாமாவின் கடிதங்களில் இருப்பது வேறு. ஒருவர் தான் கொழும்புக்குக் கண் ஒப்பரேஷனுக்கு வந்தவர் என்று விளக்குகிறார். இன்னொருவர் தன் பாஸ்போர்ட் அலுவல் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று எழுதியிருக்கிறார். எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள்: நான் ஏன் இங்கே இருக்கிறேன். ஒரு நாட்டின் குடிமகன் அதன் தலைநகரில் ஏன் நிற்கிறேன் என்று காரணம் காட்டி எழுதிய கடிதங்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் இந்தத் தொனியை நான் கேட்டதில்லை.

கொப்பி பண்ண 340 கடிதமும் சேர்த்து 20 எம்பி கூட இல்லை. என் போனில் இருக்கிற ஒரு பிறந்தநாள் வீடியோ அதைவிடப் பெரிது. எனவே இடம் ஒரு பிரச்சினை இல்லை. பிரச்சினை, இவை எங்களுடையவையா என்பது.

மாமா சொன்னார், "சனம் என்னை நம்பி வாயால சொன்னது, நான் அடிச்சுக் குடுத்தனான். அடிச்சு முடிய அழிக்கிறன் எண்டுதான் சொன்னனான்." பிறகு ஏன் அழிக்கவில்லை? "அழிக்கத்தான் இருந்தனான். நேரம் வரேல்லை."

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அழிப்பது அலட்சியம் மட்டும் அல்ல. அந்த வருடங்களில் அழிப்பது ஒரு பாதுகாப்பு. செக்பொயின்டில் பையில் ஒரு சீடி இருந்தாலே பதில் சொல்ல வேண்டியிருந்த காலம். அம்மாவும் அப்போது பழைய கடிதங்களை அடுப்பில் போட்டவர்தான். இன்று 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று எங்களிடம் இருக்கிறது. ஆனால் கேள்வி சட்டத்துக்கு முந்தியது. ஒரு ஆள் தன் துயரத்தைச் சொன்னது ஒரு டைப் செட்டருக்கு. அந்த ஆளின் மருமகளுக்கு அல்ல. "வரலாற்று ஆவணம்" என்று பெயர் வைத்து அதை நான் இணையத்தில் போட்டால், நான் செய்வது பாதுகாப்பா, திருட்டா?

அதனால் நாங்கள் மூன்று குவியல் செய்தோம். எங்கள் குடும்பத்தினுடையவை ஒன்று. ஆளைக் கண்டுபிடிக்கக்கூடியவை இரண்டாவது. கண்டுபிடிக்க முடியாதவை மூன்றாவது.

இரண்டாவது குவியலில் ஒருவரை மாமாவுக்கு நன்றாகத் தெரியும். இன்னும் கொட்டாஞ்சேனையில்தான் இருக்கிறார். 2008இல் அவருடைய மகன் வேலைக்குப் போய் வீடு திரும்பவில்லை. முதல் கடிதத்தை அடித்தது மாமா. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாற்றிய கடிதத்தின் பிரதியோடு நானும் மாமாவும் போனோம். ஏதோ பெரிய பொக்கிஷத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்று எனக்குள் ஒரு எண்ணம் இருந்தது. ஒத்துக்கொள்கிறேன்.

அவ அலுமாரியைத் திறந்து ஒரு தடித்த பிளாஸ்டிக் பையை எடுத்தா. எல்லாம் இருந்தது. 2008 கடிதத்தின் போட்டோகொப்பி. 2010இல் வந்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவுக்குக் கொடுத்தது. 2013இல் காணாமல் போனோர் பற்றி விசாரிக்க வந்த ஆணைக்குழுவுக்குக் கொடுத்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைத்து, 2018இல் ஆணையாளர்களை நியமித்த காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குக் கொடுத்தது. திகதி வாரியாக, கிளிப் போட்டு. என்னுடைய டெஸ்க்டொப்பைவிட ஒழுங்காக.

"என்னட்ட இருக்கு மகள். இருந்தாலும் ஒண்டு தந்திட்டுப் போங்கோ."

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவவே சொன்னா. "பிறகு எழுதினதில எல்லாம் அவன்ர வயசைக் கூட்டிக் கூட்டிப் போடச் சொல்லினம். தம்பி அடிச்சதிலதான் இருபத்திரண்டு எண்டிருக்கு. என்னட்ட இருக்கிறது மங்கிப் போச்சு."

உண்மைதான். போட்டோகொப்பியின் மை மங்கியிருந்தது. எனக்கும் இருபத்திரண்டு வயது. திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமாவும் நானும் பேசிக்கொள்ளவில்லை.

ஆவணம், பாதுகாப்பு என்று யாராவது தொடங்கினால் நாங்கள் உடனே 1981ஐத்தான் சொல்லுவோம். யாழ்ப்பாணப் பொது நூலகம், எரிந்த 97,000 அளவான நூல்கள். சொல்ல வேண்டியதுதான். ஆனால் மற்றவர்கள் எரித்ததை நினைவு வைத்திருக்கிற நாங்கள், நாங்களாகவே எறிந்ததைக் கணக்கெடுப்பதில்லை. எறிந்த ஹாட் டிஸ்க்குகள், போர்மட் பண்ணிய போன்கள், பாஸ்வேர்ட் மறந்த மெயில்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்ததால் இப்போது எத்தனையோ வீடுகளில் மெஷின் மாற்றுகிறார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் ஏதோ ஒன்று விடுபட்டுத்தான் போகிறது.

"எல்லாம் கிளவுட்டில இருக்கு" என்பார்கள் எங்கள் பெட்ச் நண்பர்கள். கூகுள் போட்டோஸ் 2021 ஜூனில் எல்லையில்லாத இலவச இடத்தை நிறுத்தியது. இரண்டு வருடம் பாவிக்காத கணக்குகளை அழிக்கலாம் என்ற விதி 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இறந்துபோன ஒருவர் தன் மெயிலைத் திறக்கமாட்டார். கம்பஸ் மெயிலில் நாலு வருட நோட்ஸையும் படங்களையும் வைத்திருக்கிறோமே, பட்டம் முடிந்த பிறகு அந்தக் கணக்கு எவ்வளவு காலம் இருக்கும் என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

"நூலகம் மாதிரி நிறுவனங்கள் இருக்கின்றனதானே" என்றும் சொல்லலாம். அவர்கள் செய்வது பெரிய வேலை. ஆனால் உங்கள் வீட்டு அலுமாரியில் கிடக்கிற டிஸ்க்கை அவர்கள் வந்து கழற்றமாட்டார்கள். அதில் என்ன இருக்கிறது, யாரைக் கேட்க வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. அது தெரிந்த ஆள் அனேகமாக உங்கள் வீட்டில்தான் இருக்கிறார், வயது போய்க்கொண்டு இருக்கிறது.

அதனால் இந்த விடுமுறைக்கு ஒரு வேலை சொல்கிறேன். வீட்டுப் பழைய மெஷினை எறிய முன் முழு டிஸ்க்கையும் அப்படியே ஒரு வெளி டிஸ்க்குக்குக் கொப்பி பண்ணுங்கள். ஒரு கொப்பி போதாது, இரண்டு, இரண்டு வீட்டில். பழைய மெஷின் உயிரோடு இருக்கும்போதே அது மட்டும் திறக்கக்கூடிய கோப்புகளை பிடிஎப் ஆக்குங்கள். பாமினியை யுனிகோடுக்கு மாற்றுங்கள், மூலத்தை விட்டுவிட்டு அல்ல. முக்கியமாக, அந்தக் கோப்புகளை உருவாக்கிய ஆளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு செய்யுங்கள். தேநீர் ஊற்றிக் கொடுங்கள். அவர் சொல்வது கோப்பில் இருக்காது. மற்றவருடையது வந்தால், முதலில் அவரைத் தேடுங்கள். அவர் அழி என்றால் அழியுங்கள்.

மூன்றாவது குவியலைப் பற்றி மாமாவும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை. 200க்கு மேற்பட்ட கடிதங்கள். எழுதியவர்கள் எங்கே என்று தெரியாது. மாமா அழிக்கச் சொல்கிறார். நான் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டி வைக்கலாம், யாருக்கும் காட்டத் தேவையில்லை, வந்து கேட்பவர் யாராவது இருந்தால் கொடுக்கலாம் என்கிறேன். இப்போதைக்கு பாஸ்வேர்டைப் பாதி அவர் அடித்தார், மீதியை நான் அடித்தேன். ஒருவருடையது மற்றவருக்குத் தெரியாது. மாமாவுக்கு 67 வயது, தன் பாதியை எங்கேயோ எழுதி வைத்திருப்பதாகச் சொல்கிறார். எங்கே என்று இன்னும் சொல்லவில்லை.